பூட்டிய வீடும் நம் பொறுப்பே

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. பின்னர், வினாக்களுக்கு விடை காண்க.

குளிர்நாடுகளில் ஏரிக்கரையிலும் மலைப்பகுதியிலும் விடுமுறை இல்லம் வைத்திருப்போர் பலர். கோடை முடிந்ததும் அவர்கள் அவ்வில்லத்தைப் பூட்டிவிட்டு நகருக்குத் திரும்புவார்கள். பூட்டுவதற்கு முன், குழாய்களில் உள்ள நீரை முழுவதும் வடித்துவிடுவது அவர்களின் வழக்கம். நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் குழாய்கள் வெடித்துவிடும்.

பினாங்கில் பனி பெய்வதில்லை. ஆயினும், ஆளில்லாத வீட்டிற்கு இங்கும் நீர்தான் பகை. இத்தீவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். தீபாவளியும் அக்டோபர் அல்லது நவம்பர் மாதத்தில்தான் வருகிறது. பேராக்கிலோ கெடாவிலோ உள்ள தாத்தா பாட்டி வீட்டிற்குச் செல்வோரும் தமிழகத்திற்குப் பயணம் மேற்கொள்வோரும் அக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகின்றனர். ஆக, வீட்டைப் பூட்டும் காலமும் மழை வலுக்கும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆறும் கடலும்

ஜார்ஜ்டவுனில் உள்ள சுங்கை பினாங் வட்டாரம், அங்கு ஓடும் ஆற்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயர் ஈத்தாம், டொண்டாங், ஜெலுத்தோங் முதலிய சிற்றாறுகளின் நீர் சுங்கை பினாங் ஆற்றில் வந்து சேர்கிறது. மலைச்சரிவுகளில் பெய்யும் மழை, குறுகிய தூரத்திலேயே தாழ்வான நகர்ப்பகுதியை அடைந்துவிடுகிறது. அந்த வேளையில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால், ஆற்றுநீர் கடலுக்குள் வடிய வழியின்றித் தெருக்களில் ஏறுகிறது.

2017ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 18ஆம் நாள் கொண்டாடப்பட்டது. அதன்பின் மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. நவம்பர் 4ஆம் நாள் பிற்பகல் தொடங்கிய மழை விடிய விடியக் கொட்டியது. ஒரு நாளுக்குள் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. மாநிலத்தில் 7 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். வீட்டில் இருந்தவர்களுக்கே பொருள்களை மேலே தூக்கி வைக்க நேரம் போதவில்லை என்றால், பூட்டிய வீட்டின் நிலை என்ன?

புறப்படும் முன்

முதலில் வீட்டின் வெளிப்புறத்தைக் கவனிக்க வேண்டும். கூரையோரத்தில் மழைநீர் ஓடும் குழாய்களிலும் வாசல் வடிகாலிலும் கிடக்கும் இலை தழைகளை அகற்ற வேண்டும். அடைபட்ட வடிகால், சிறு மழையையும் வீட்டிற்குள் திருப்பிவிடும்.

அடுத்து, பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை நீர்புகாத பைகளில் இட்டு உயரமான இடத்தில் வைக்க வேண்டும். பாடநூல்களையும் தரையில் விட்டுச் செல்லலாகாது. எரிவாயுக் கலனை நன்கு மூட வேண்டும். குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்து, அதன் கதவைச் சற்றுத் திறந்து வைத்த பிறகே முதன்மை மின்விசையை அடைக்க வேண்டும். நீர்மானி அருகே உள்ள வால்வை மூடிவிட்டால், குழாய் கசிந்தாலும் வீடு நனையாது.

காற்றில் கலந்திருக்கும் ஈரமும் ஓசையின்றிச் சேதம் விளைவிக்கும். ஈரத் துண்டையோ சரியாகக் காயாத துணியையோ அலமாரியில் வைத்துப் பூட்டினால், திரும்பி வரும்போது பூஞ்சணமே வரவேற்கும். ஆகவே, துணிகளை நன்கு உலர்த்தி வைத்தல் வேண்டும். கொசுவலை அடித்த காற்றுத் துளைகளை அடைக்காமல் விடுதல் நலம்.

வேலி தாண்டும் ஆபத்து

மேற்கூறியவற்றைச் செய்யத் தவறினால், இழப்பு பெரும்பாலும் வீட்டு உரிமையாளருக்கே. ஆனால், ஒன்று மட்டும் அப்படியன்று. அது தேங்கிய நீர்.

ஏடிஸ் கொசு, தெளிந்த நீர் தேங்கும் பாத்திரங்களின் உட்சுவரில் முட்டையிடும். அம்முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். மீண்டும் நனைந்ததும் பொரியும். ஒரு குடும்பம் இரண்டு வாரம் ஊருக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். பூந்தொட்டியின் அடித்தட்டு, குளியலறை வாளி, பூச்சாடி, பூசையறைச் செம்பு ஆகியவற்றில் விட்டுச் சென்ற நீரில் அதற்குள் ஒரு தலைமுறைக் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. கடிபடுவது பக்கத்து வீட்டுக் குழந்தை. டிங்கிக் காய்ச்சல் உயிரையே பறிக்கக்கூடியது.

இதனால்தான், கொசு பெருக இடமளிப்போர்மீது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தல், கழிப்பறை மூடியைச் சாத்துதல், கவிழ்க்க இயலாத தொட்டிகளில் கொசுப்புழுக் கொல்லியை உரிய அளவில் இடுதல் ஆகியவை அரை மணி நேர வேலைகளே.

ஒரு சாவி, ஓர் உறவு

எல்லாம் செய்து முடித்த பின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் சாவியையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துச் செல்வதே அது. வாரம் ஒரு முறை அவர் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தரலாம். தேங்கிய நீரைக் கொட்டலாம். ஆறு பெருகினால் உடனே தகவல் சொல்லலாம். அண்டை வீட்டார் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால், சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அவர்கள் ஊருக்குச் செல்லும்போது அதே உதவியை நாம் செய்யலாம். வெளியூர் செல்வதை அருகிலுள்ள காவல் நிலையத்திலும் தெரிவித்துச் செல்லலாம்.

திரும்பி வந்ததும் வீட்டிற்குள் வெள்ளம் புகுந்த அடையாளம் தெரிந்தால், மின்விசையைத் தொடலாகாது. தகுதிபெற்ற மின்பணியாளர் சோதித்த பிறகே மின்சாரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

பூட்டு, திருடனைத் தடுக்கும். மழையையும் கொசுவையும் அது தடுக்காது. அவற்றைத் தடுப்பவை, புறப்படும் முன் நாம் செய்யும் ஆயத்தமும் அண்டை வீட்டாரின் அன்பும்தாம்.

வினாக்கள்

1. குளிர்நாட்டிலும் பினாங்கிலும் ஆளில்லாத வீட்டிற்கு நீர் எவ்வாறு பகையாகிறது? ஒப்பிட்டுக் கூறுக.
2. கடல் ஏற்றத்தின்போது சுங்கை பினாங் வட்டாரத்தில் வெள்ளம் ஏறுவது ஏன்?
3. ‘வேலி தாண்டும் ஆபத்து’ என்று தேங்கிய நீரைக் குறிப்பிடுவது பொருத்தமா? உன் கருத்தை விளக்கி எழுதுக.
4. உன் குடும்பம் இரண்டு வாரம் வெளியூர் செல்லவிருக்கிறது. வீட்டைப் பூட்டும் முன் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுக.