முகத்துவாரச் சேற்றை வெட்டி அள்ளலாமா?

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் முகத்துவாரத்தையே கறுப்பாக்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அங்கேதான் இறால் பிடிக்கிறார். இப்போதும் அலையாத்திப் பக்கம் கால் வைத்தால், தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. அங்கே கிடைக்கும் இறாலையும் மட்டியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? அந்தச் சேற்றை வெட்டி அள்ளிவிட்டால் சரியாகிவிடாதா?
– ர.செ., எண்ணூர்

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மினுக்கும் படலமெல்லாம் எண்ணெய் அல்ல. அலையாத்திச் சேற்றில் இரும்புச்சத்தைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்களும் இப்படியே வானவில் நிறம் காட்டும். ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து தனித்தனியே நின்றால் அது நுண்ணுயிர்ப் படலம், கவலை வேண்டாம். கீறிய இடம் உடனே மூடிக்கொண்டால் அது எண்ணெய், டீசல் வாடையும் அடிக்கலாம்.

எண்ணெயாகவே இருந்தாலும் வியப்பில்லை. 2017 ஜனவரி 28 அன்று உங்கள் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெய் கொட்டியது கடலில். அலையும் வெயிலும் காற்றும் படும் இடத்தில் எண்ணெயின் லேசான பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். மிச்சத்தை நுண்ணுயிர்கள் மெல்லத் தின்றுவிடும். 2023-ல் நடந்தது வேறு. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அலையில்லாத கழியில் ஒதுங்கி, அலையாத்தியின் மூச்சுவேர்களில் (சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டு காற்றை இழுக்கும் வேர்கள்) அப்பிக்கொண்டது. அந்த வேர்களில் உள்ள நுண்துளைகள் அடைபட்டால் மரம் மூச்சுமுட்டிச் சாகும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய் இன்னும் பிடிவாதமானது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், ஆழச் சேற்றில் அது கிடையாது. அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மத் என்ற ஊரில் 1969-ல் ஒரு படகிலிருந்து கசிந்த டீசல் போன்ற எண்ணெய், 30 ஆண்டு கழித்தும் சதுப்புச் சேற்றில் இருந்தது.

அதனால்தான் வெட்டி அள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள். 1978-ல் பிரான்ஸின் பிரிட்டனி கரையில் 'அமோகோ காடிஸ்' கப்பல் உடைந்து 2,20,000 டன்னுக்கும் மேல் எண்ணெய் கொட்டியது. ஒரு சதுப்பில் இயந்திரம் விட்டு மேல் சேற்றையே தோண்டி எடுத்தார்கள். தொடாமல் விட்ட சதுப்பு முதலில் தேறியது. தோண்டிய இடத்தில் செடி திரும்ப வர மிக நீண்ட காலம் பிடித்தது. ஆட்கள் மிதித்தாலே மேலே கிடக்கும் எண்ணெய் கீழே அமுங்கிப்போகும். மணல் கரையிலும் பாறையிலும் கெட்டியாக இருப்பதை அள்ளுவது சரி. வேர்களுக்கு நடுவே கைவைக்கக் கூடாது. அங்கே நீரோட்டம் தடையில்லாமல் வந்து போகிறதா என்று பார்ப்பதே பெரிய உதவி. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால், ஓதம் உள்ளே ஏறாது, எண்ணெயும் குறையாது.

இனி சாப்பாடு. எண்ணெயில் உள்ள ஆபத்தான பகுதிக்குப் பல்வளைய ஹைட்ரோகார்பன் (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில சேர்மங்கள் உள்ள வகை) என்று பெயர். மீனின் கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். இறால், நண்டு அந்த அளவுக்கு வேகமாகச் செய்யாது. மட்டிக்கும் ஆளிக்கும் அந்தத் திறமை மிகக் குறைவு. தண்ணீரை வடிகட்டித் தின்பதால் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே, குச்சிச் சோதனையில் எண்ணெய் தெரிந்த இடத்து மட்டியைப் பிள்ளைகளுக்கு இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். இறாலை ஓட்டமுள்ள இடத்தில் பிடித்ததாகப் பார்த்து, தலையையும் குடலையும் நீக்கிச் சமையுங்கள். வேகும்போது மண்ணெண்ணெய் வாடை வந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள். வாடை இல்லை என்பதே முழு உத்தரவாதம் ஆகாது. மீன்வளத் துறையிடம் ஊர் சார்பில் மனு கொடுத்து இறாலையும் மட்டியையும் சேற்றையும் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வீட்டுக்காரர் காலில் பிசுக்கு ஒட்டினால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் தேய்க்க வேண்டாம், தோல் வெந்துபோகும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போடச் சொல்லுங்கள். புண்ணோ அரிப்போ ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் அரசு மருத்துவமனையில் காட்டி, எண்ணெய்ச் சேற்றில் வேலை செய்வதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பாழான வலை இருந்தால் தூக்கி எறியும் முன் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். நிவாரணம் கேட்கப் போகும்போது அதுதான் கைகொடுக்கும்.