அறுகை ஒழிக்கும் விதம்

மாங்காட்டில் கத்தரிக் கொல்லையுள்ள அங்கத்தினரொருவர், களைக் கூலிக்கென்று ஒரே வருஷத்தில் இரண்டாந் தடவை கடன் கேட்டார். கொல்லையைப் பார்த்தபொழுது காரணம் விளங்கிற்று. ஈரத்தில் கொத்தியதால் அறுகு துண்டு துண்டாகியிருந்தது. கணுவுள்ள துண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டுத் தனியே படரும். வெட்டியவரே நட்டவருமானார்!

பயிரில்லாத சித்திரை, வைகாசி வெயிலில், காய்ந்த நிலத்தை ஆழக் கொத்தி, மண்ணுக்குள் ஓடும் தண்டுகளையும் புரட்டி உலர்த்த வேண்டும். சருகானபின் பொறுக்கி எரிக்கலாம். பச்சையாக எருக்குழியிலாவது வாய்க்காலிலாவது போடலாகாது. மழை பெய்ததும் சணப்பையை நெருங்க விதைத்தால், நிழல் தாங்காத அறுகு மெலியும். கோரையோ கிழங்கினால் பிழைப்பது. தழையை மட்டும் பிடுங்கிப் பயனில்லை.

வரப்பிலுள்ள அறுகு மண்ணைக் காப்பதாதலால் இருக்கட்டும். உள்ளே ஓடும் கொடியை மாத்திரம் அவ்வப்போது அறுத்துவிடுக.

அடுத்த கொல்லைக்காரரும் சேர்ந்து கொத்த இசைந்தால், மனுவைச் சிபார்சு செய்வதாகச் சொல்லி வந்தேன்.