கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கலம் என்றால் உள்ளே வெற்றிடம் உடையது என்றே நாம் பொருள் கொள்கிறோம். குடம் மிதப்பது போலத் தோணி மிதக்கிறது, கப்பலும் அப்படியே. நீர் உள்ளே புகாத வரைதான் அவற்றுக்கு வாழ்வு. கட்டுமரமோ இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. அலை மேலேறி வந்தால் மரங்களின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும். நிரம்ப இடமில்லாத கலம் எப்படி நிரம்பி மூழ்கும்? பழவேற்காடு முதல் எண்ணூர் வரையுள்ள நம் கரையில் பல தலைமுறைகள் இந்த ஒன்றை நம்பியே கடலுக்குப் போய் வந்தன.

நம் கரைக்கு இத்தகைய கலம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. கடல் நேரே மணலில் வந்து மோதுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக உடையும் அலைகளைத் தாண்டினால்தான் ஆழ்கடல். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைந்த 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலம் வரை கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள். அவையும் போக முடியாத கொந்தளிப்பான நாட்களில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. நீர் புகாத தொப்பிக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் அணிந்து செல்வார்களாம். மசூலா கவிழ்ந்தால் பயணிகளை மீட்டதும் அவர்களே.

இனி அதன் அமைப்பைக் காண்போம். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரங்களே இதற்கு ஏற்றவை. சிறிய கட்டுமரத்துக்கு மூன்று மரம் போதும். பெரியதற்கு ஏழு வரை போகும். நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓர மரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். முன்பகுதி கூர்ந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் பிணைப்பர். ஆணி கிடையாது. ஆணி அடித்த பலகை அலையின் அடியை விறைப்பாக எதிர்க்கிறது. ஒரு நாள் பிளந்துவிடுகிறது. கயிற்றுக்கட்டு சிறிது இளகிக் கொடுக்கும். அடி எல்லா மரங்களுக்கும் பங்கிடப்படும். நனைந்தால் கயிறு இன்னும் இறுகும்.

கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைப்பது வழக்கம். தினமும் கட்டி, தினமும் அவிழ்ப்பது வீண்வேலை என்று தோன்றலாம். முதலாண்டில் நாம் படித்த ஆர்க்கிமிடீசு தத்துவத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டுமரத்தின் மொத்தக் கனஅளவு அரை கனமீட்டர் என்று கொள்வோம். அது முழுதும் அமிழ்ந்தால் இடம்பெயரும் கடல்நீர் ஏறக்குறைய 512 கிலோ. காய்ந்த மரத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 400 கிலோ எனில் மரத்தின் எடை 200 கிலோ. மீதி 312 கிலோவை அது சுமக்கும். நீர் குடித்து அடர்த்தி 600 ஆனால் சுமக்கக்கூடியது 212 கிலோதான். ஆக, ஈரம் 100 கிலோ மீனைத் தின்றுவிடுகிறது! பள்ளிக்கூடமே போகாத என் தாத்தா, "மரம் தண்ணி குடிச்சா மனுசனுக்குச் சோறு இல்ல" என்பார். சமன்பாட்டைப் போட்டுப் பார்த்த பின்புதான் அந்தச் சொல்லின் எடை எனக்கு விளங்கிற்று.

பாய்மர ஓட்டமும் இதைப் போலவே நுட்பமானது. முக்கோணப் பாயின் மீது காற்று பக்கவாட்டில் மோதும்போது விசை இரு கூறாகப் பிரிகிறது. ஒன்று கலத்தை முன்னே தள்ளும்; மற்றது பக்கமாக ஒதுக்கப் பார்க்கும். ஒதுங்காமலிருக்க ஒரு பலகையைப் பக்கத்தில் நீருக்குள் செங்குத்தாக இறக்கிப் பிடிப்பர். பின்னால் நிற்பவரின் துடுப்பே சுக்கான். விடியுமுன் நிலக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்புவர். நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிர்கிறது, நீர் அப்படியன்று என்று வெப்பவியலில் படிக்கிறோமே, அதையே அவர்கள் போக்குவரத்து நேரமாக வைத்திருந்தார்கள்.

பெயர் பற்றி ஒரு செய்தி. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலில் நம் கட்டுமரத்தைக் குறிப்பிடுகிறார். இன்று 'கேட்டமரான்' என்று உலகம் அழைப்பது இரண்டு உடல்களை இணைத்த விரைவுக் கலத்தை. அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் 1876-இல் அத்தகைய 'அமரில்லிஸ்' என்னும் கலத்தைப் போட்டியில் ஓட்டிப் பிறரைத் திகைக்க வைத்தார். இரட்டை உடல் என்ற அமைப்போ பசிபிக் தீவினருடையது. பெயர் மட்டுமே தமிழ். மேடைகளில் இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது எனக்கு உடன்பாடன்று. நம் கட்டுமரத்துக்கு உள்ள பெருமையே போதும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கட்டுமரத்தில் போகிறவர் கரையேறும் வரை ஈரத்திலேயே இருக்கவேண்டும். ஒதுங்க நிழலில்லை, பனிக்கட்டி வைக்க இடமில்லை, இரவில் தங்க வழியில்லை. பைபர் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் வந்தபோது மீனவர் அவற்றை விரும்பியதில் தவறேதும் இல்லை. 2004 சுனாமிக்குப் பின் உதவியாக வழங்கப்பட்டவற்றில் பைபர் படகுகளே மிகுதி. மரக்கட்டுமரம் அதன் பின் விரைவாகக் குறைந்தது. எங்கள் வீட்டிலும் கதை அதுவே. அப்பா பைபர் படகில் கூட்டாளி. அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறான். கட்டுமரம் கட்டத் தெரிந்தவர் தாத்தா ஒருவர்தான். எந்த மரத்தை எவ்வளவு செதுக்குவது, முன்வளைவு எத்தனை விரல் உயரவேண்டும் என்ற அளவுகள் யாவும் அவர் கையில்தான் இருக்கின்றன, தாளில் இல்லை. சென்ற விடுமுறையிலிருந்து ஒரு நோட்டில் அவற்றை எழுதி வருகிறேன். விரலையும் சாணையும் சென்டிமீட்டராக்குவதே பெரும்பாடாக இருக்கிறது.

கட்டுமரத்தின் வடிவிலேயே பைபரில் செய்தவையும் உண்டு. அவற்றைக் காயவைக்க வேண்டியதில்லை. உள்ளே காற்றடைத்த வெற்றிடம் என்பதால் நாம் முதலில் பேசிய குடத்தின் இனத்தில்தான் அவற்றைச் சேர்க்கவேண்டும். மயிரிழை அளவு வெடிப்பு விட்டாலும் நீர் புகுந்து தங்கிவிடும், வெளியே தெரியாது. கரையில் அப்படியொன்றைக் கண்டால் தாத்தா நின்று, விரல் முட்டியால் முன்னிருந்து பின்வரை தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கணீரென்றால் நடப்பார். மந்தமாக ஒலித்தால் உடையவனைக் கூப்பிடுவார்.