காலித் தட்டு ஓவியம் சொல்லாதது

அக்டோபர் 16 உலக உணவு நாள். அதையொட்டி ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குச் சுவரொட்டிப் போட்டி நடத்துகிறது. துபாயிலும் ஷார்ஜாவிலும் படிக்கும் நம் பிள்ளைகளும் சார்ட் பேப்பரோடு உட்கார்கிறார்கள். வரைவது பெரும்பாலும் ஒரே படம்தான். ஒரு பக்கம் பர்கர் வழியும் தட்டு, மறுபக்கம் விலா எலும்பு தெரியும் ஆப்பிரிக்கச் சிறுவன், நடுவில் பூமி உருண்டை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நாம் சொல்லிக்கொடுத்த பசி. அந்த ஒரு படத்துக்குள் எத்தனை தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன என்று பார்க்கலாம்.

முதலில் அந்தச் சிறுவன். பசி என்றால் ஆப்பிரிக்கா என்று நினைக்கிறோம். 2024இல் உலகில் ஏறக்குறைய 67 கோடிப் பேர் போதிய உணவில்லாமல் இருந்தார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஆப்பிரிக்காவின் நிலைதான் மோசம். ஆனால் தலைகளை எண்ணினால் ஆசியாவில் 32 கோடி, ஆப்பிரிக்காவில் 31 கோடி. அமீரகம் இருக்கும் அதே அரேபியத் தீபகற்பத்தில்தான் யேமன் இருக்கிறது. அங்கே 1.7 கோடிப் பேருக்கு மேல் அடுத்த வேளை உறுதியில்லை. எல்லாப் பசியும் விலா எலும்பில் தெரிந்துவிடுவதும் இல்லை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வயிறு நிறையச் சோறு தின்றும் உடம்பு பட்டினி கிடக்கும் நிலை இது. இதை எப்படி வரைவது? கடினம்தான். வரைய எளிதானதே திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வளைகுடாவில் பசி இருந்ததே இல்லை என்பது இன்னொரு நம்பிக்கை. இன்றைய கோபுரங்களைப் பார்த்து வரும் மயக்கம் அது. 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து இந்தக் கரையின் முத்துக்குளிப்புத் தொழிலைச் சாய்த்தன. அடுத்து வந்த உலகப் போரில் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வரவேண்டிய அரிசி அருகியது. வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்று நாள் கடத்தியவர்கள் இங்கே உண்டு. எண்ணெய்க்கு முந்தைய அந்த வறுமையைத்தான் காலித் அல் சித்தீக் என்ற குவைத் இளைஞர் 1972இல் 'பஸ் யா பஹர்' என்ற படமாக எடுத்தார். குவைத்தின் முதல் முழுநீளத் திரைப்படம் அது. பணம் வந்தபின் ஒரு நாடு எடுத்த முதல் படம் பழைய வறுமையைப் பற்றியது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதற்குப் பிந்தைய பசி, பிழைக்க வந்தவர்களுடையது. பஹ்ரைனில் வேலை பார்த்த எழுத்தாளர் பென்யாமினின் 2008இல் வெளிவந்த நாவல் 'ஆடுஜீவிதம்', சவூதிப் பாலைவனத்தில் ஆடுகளோடு அடைபட்ட ஒரு மலையாளியின் கதை. அது ஒரு முனை. மறுமுனையில், சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் குப்பூஸையும் தயிரையும் வைத்து ஒப்பேற்றும் அறைகள். ஊருக்குப் பேசும்போது "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவதால் இந்தப் பசி கணக்கில் வருவதில்லை. கொரோனா வந்தபோது அமீரக அரசே இதை மறைக்கவில்லை. 2020 ரமலானில் தொடங்கிய 'ஒரு கோடி உணவு' இயக்கம், நாட்டுக்குள் வருமானம் இழந்தவர்களுக்காகத்தான்.

அந்த இயக்கத்தில் புர்ஜ் கலீஃபாவை ஓர் உண்டியலாக்கினார்கள். கோபுரத்தின் முகப்பில் 12 லட்சம் விளக்குகள். பத்து திர்ஹம் கொடுத்தால் ஒரு விளக்கு எரியும், ஒருவருக்கு ஒரு வேளை உணவு. கீழிருந்து ஒளி ஏறி உச்சியைத் தொட்டது. படம், ஒளி, காட்சி எல்லாம் கண்ணுக்கு அழகு, வயிற்றுக்கு ஆகாது என்பவர்களுக்கு இது ஒரு பதில்.

என்னைக் கேட்டால் இதைவிட நல்ல பதில் 1943இன் பஞ்ச கால வங்கத்தில் இருக்கிறது. ஓவியர்கள் சித்தப்ரசாத், ஜைனுல் ஆபெதின், சோம்நாத் ஹோர் மூவருமே அப்போது முப்பதைத் தொடாதவர்கள். ஆபெதின் மலிவான பொட்டலத் தாளில் கரிமையால் கல்கத்தா நடைபாதையை வரைந்தார். சித்தப்ரசாத் அந்த நவம்பரில் மேதினிப்பூர் மாவட்டத்துக்குப் போய், பார்த்தவர்களை வரைந்ததோடு எந்த ஊர், என்ன நேர்ந்தது என்றும் எழுதிவைத்தார். 'பசித்த வங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் புத்தகமாக வந்த அதன் 5,000 பிரதிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்து எரித்தது. வெறும் படத்தை எந்த அரசாவது எரிக்குமா?

அவர்கள் வரைந்த பஞ்சத்தைப் பற்றித்தான் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் எழுதினார். 20 முதல் 30 லட்சம் பேரைப் பலிகொண்ட அந்தப் பஞ்சத்தின் ஆண்டான 1943இல் வங்கத்தில் இருந்த தானியம், பஞ்சமில்லாத 1941ஐவிடக் குறைவில்லை என்பது அவர் கணக்கு. போர்க்கால விலையேற்றத்தில் கூலிக்காரனுக்கும் மீனவனுக்கும் வாங்க முடியவில்லை. அதாவது உணவு பற்றாததால்தான் பசி என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. இன்றும் உலகில் ஆண்டுக்கு 105 கோடி டன் உணவு வீணாகிறது. பணக்கார நாடுகளில் மட்டுமல்ல, ஏழை நாட்டு வீடுகளிலும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "மிச்சம் வைக்காதே, ஆப்பிரிக்காவில் ஒரு பிள்ளை பட்டினி" என்று சொல்லி வளர்க்கிறோம். துபாயின் அல் கிஸைஸ் வீட்டில் காலியான தட்டு, யேமனின் ஏடன் பிள்ளையின் வயிற்றை நிரப்பாது. அதற்கு அங்கே போர் நிற்க வேண்டும், துறைமுகம் திறந்திருக்க வேண்டும், அப்பனுக்குக் கூலி வேண்டும். மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது வேறு காரணங்களுக்காக. இங்கே மிஞ்சும் உணவு இங்கேயே உள்ளவருக்குப் போக வழி உண்டு. 2017இல் தொடங்கிய அமீரக உணவு வங்கி, ஓட்டல்களிலும் கடைகளிலும் மிஞ்சும் நல்ல உணவைத் திரட்டித் தருகிறது.

கடைசியாக, பெற்றோர் பலர் சறுக்கும் இடம். பிள்ளை வரைந்த படங்களைக் குடியிருப்பில் விற்று, வந்த காசில் தொழிலாளர் கேம்ப்புக்குப் பிரியாணி கொடுக்கலாம் என்று ஆசைப்படுகிறோம். நல்ல மனசு இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அமீரகத்தில் செல்லாது. துபாயில் 2015ஆம் ஆண்டின் ஆணையும், நாடு முழுவதற்கும் 2021ஆம் ஆண்டின் சட்டமும் அனுமதியில்லாத நிதி வசூலைத் தடுக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் "ஆளுக்கு இருபது திர்ஹம்" என்று கேட்பதும் வசூல்தான், பொருளாகத் திரட்டினாலும் விதி அதேதான். மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. கண்காட்சி வைக்க நினைக்கும் பள்ளியிடம், எந்த உரிமம் பெற்ற அறக்கட்டளையின் பெயரில் பணம் வாங்கப் போகிறீர்கள், ரசீது யார் தருவார்கள் என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.