எட்டு மார்க் பெட்டி

ஹாம்பர்க்

அன்பு மகளுக்கு,

உங்கள் கலைக் கல்லூரியும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நடத்தும் கண்காட்சியில் 50 யூரோவுக்கு மேல் விலை வைக்கக் கூடாதாமே. கலந்துகொள்வதா வேண்டாமா என்று நீ தயங்குவதாக உன் அம்மா போனில் சொன்னாள். பெரியப்பா சொல்கிறேன், தாராளமாகக் கலந்துகொள்.

விலை குறைந்தால் மதிப்பும் போய்விடும் என்பது உன் பயம். ஆனால் ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் டியூசல்டோர்ஃப் கலை அகாதமியில் பேராசிரியராக இருந்தபோது, 1968இல், மூடியில்லாத ஒரு சிறிய மரப்பெட்டி செய்தார். உள்ளே பென்சிலில் இரண்டு கோடுகள், 'இன்டுயிஷன்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். விலை 8 மார்க். பிரதிகளுக்கு வரம்பே வைக்கவில்லை. சுமார் 12,000 பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. இன்று அது அருங்காட்சியகங்களிலும் இருக்கிறது. அவர் விலையுயர்ந்த ஒன்றைத் தள்ளுபடியில் கொடுக்கவில்லை. அந்த விலைக்கென்றே யோசித்துச் செய்தார். நீ கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சென்னையிலும் இதுபோல நடந்ததுதானே! ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகள் செய்து விற்ற பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது அப்படித்தான். துணி விற்றதால் யாருடைய ஓவியமும் தாழ்ந்துவிடவில்லை.

அதனால் உன் பெரிய கேன்வாஸை விலை குறைத்து வைக்காதே. முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு அது துரோகம். லினோகட் அச்சு செய். நல்ல காகிதத்தில் 40 பிரதி எடு. படத்துக்குக் கீழே இடப்பக்கம் 7/40 என்று பென்சிலில் எண், வலப்பக்கம் கையெழுத்து. 40 என்று எழுதிவிட்டால் 41ஆவது பிரதி கிடையாது. எவ்வளவு கேட்டு வந்தாலும் கிடையாது. வாங்குகிறவர் உன் சொல்லை நம்பித்தான் காசு கொடுக்கிறார்.

விலையைப் பெரிதாக எழுதி ஒட்டு. காலரிப் படி ஏறியே பழகாதவர்கள் விலை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். இங்கே லாங்கன்ஹோர்னில் யோஹானஸ் போஸே என்ற பள்ளி ஆசிரியர் 1925இல் கிரிஃபல்குன்ஸ்ட் சங்கத்தைத் தொடங்கியது அப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான். சிறு சந்தா கட்டினால் அசல் அச்சோவியம் கிடைக்கும். சங்கம் இன்றும் நடக்கிறது.

இன்னொன்று, இதில் எனக்கு ரொம்பவே அக்கறை. மாணவர்களுக்கு வெளிச்சமான சுவரும், அக்கம்பக்கத்தார் வரைந்ததற்கு நடைபாதை மூலையும் என்று ஒதுக்கினால் ஆசிரியரிடம் போய்ப் பேசு. பக்கத்துவீட்டு அம்மா வரைந்த வாட்டர்கலர் உன் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். இல்லாவிட்டால் கல்லூரி தன் கண்காட்சிக்கு ஊர்க்காரர்களைக் கூட்டம் சேர்க்கக் கூப்பிட்டதாகத்தான் ஆகும். விற்ற காசில் கல்லூரிக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு பிரதி எடுத்து வை. காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.

அன்புடன்,
பெரியப்பா