சித்தேரி மலையாளிக்கு மலையாளம் தெரியாது

நம்பிக்கை: மலையாளி என்றால் கேரளத்துக்காரர்.

அரூர்ப் பக்கம் யாராவது "நாங்க மலையாளிங்க" என்று சொன்னால், வெளியூர்க்காரர் உடனே "கேரளாவுல எந்த ஊரு?" என்பார். தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளிகளுக்குத் தாய்மொழி தமிழ். மலையில் வாழும் ஆள் மலையாளி, அவ்வளவுதான். கேரளத்தவர் பெயரிலும் இதே 'மலை' இருப்பதால்தான் குழப்பம். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பரவி வாழும் இந்தத் தமிழ் மலையாளிகள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.58 லட்சம் பேர். தமிழகப் பழங்குடிகளிலேயே பெரிய பிரிவு இதுதான். அப்படியிருந்தும் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிடுகிறோம்.

நம்பிக்கை: மலையை ஆண்டவர்கள் என்பதே பெயரின் பொருள்.

மேடையில் கைதட்டல் வாங்கும் விளக்கம். ஆனால் சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிகள் வாழும் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்து ஊராருக்கு இழைத்த கொடுமைகளுக்கு, 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். ஆண்டவர்களின் ஊரில் யாரும் அப்படி நுழைவதில்லை.

நம்பிக்கை: காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், பிறகெப்படிப் பழங்குடி?

காஞ்சிக் கதை அவர்களே சொல்வதுதான். அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையேறினார்கள் என்று போகும் அதை, 1909இல் வெளிவந்த, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தர்ஸ்டனின் நூலும் பதிவு செய்திருக்கிறது. ஆனால் முதலில் வந்தவர் யார் என்பதைப் பழங்குடிப் பட்டியல் கேட்பதில்லை. 1965இல் அந்தப் பட்டியலை ஆராய்ந்த லோகூர் குழு பார்த்தவை தொன்மைக் கூறுகள், தனிப் பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், வெளியாரிடம் கூச்சம், பின்தங்கிய நிலை. பூர்விகக் கதையைச் சான்றாக்கி உரிமையைப் பறிக்கப் பார்ப்பது வம்பு வாதம்.

உண்மையான சிக்கல் வேறு. பட்டியல் மலையாளிகளை மாவட்டம் பார்த்தே ஏற்கிறது. தர்மபுரி, சேலம், பழைய வட, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை உண்டு, கோயம்புத்தூர் இல்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோடும் இல்லாமற்போனது. அதனால் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், அதே பெயரோடு, பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.