வியூ இருக்கிறது, உறுதி இருக்கிறதா?

டுபாயிலோ கொழும்பிலோ ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு இப்போது ஒரே ஆசை: மலைச்சரிவில் கண்ணாடி வைத்த நாலு அறை, முன்னால் ஒரு நீச்சல் தடாகம். பக்கத்து ஊர்க்காரன் கட்டிவிட்டானே என்று அப்பாவும் சேமலாப நிதிப் பணத்தை எடுத்து நீட்டுகிறார்.

கட்டுவதற்கு முன் காணியைப் பார்க்க வேண்டும். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனாலும் நிலம் அரசுடையதுதான். மூன்று தலைமுறை இருந்த லயம் என்றாலும் உறுதி இல்லாமல் பிரதேச சபையில் வரைபடம் நகராது.

சொந்தக் காணியில் நல்ல வீடு இருந்தால் ஹோம்ஸ்டே. குடும்பமும் அதே வளவில் இருக்க வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியலாம். பெலிஹுல்ஓயாப் பக்கம் என்றால் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவருக்கான போர்டிங். அழகில்லாத தொழில்தான், லீவு நாளில் அறை காலியாகக் கிடக்கும். ஆனால் மாணவன் வியூ கேட்பதில்லை. தண்ணீர், கக்கூஸ், படிக்க மேசை கேட்பான். ஹோட்டல், ஹோம்ஸ்டே, போர்டிங் மூன்றில் முதலிடம் தயங்காமல் இதற்கே கொடுக்கலாம்.

அந்த வியூ ஹோட்டல்தான் ஆளை விழுங்குவது. சரிவில் சமதரை வேண்டுமென்று பெக்கோவை விட்டு மலையின் அடியை வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அந்த நிரப்பு மண்ணின் மேலேயே தடாகத்தை வைக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய கான் மூடுண்டு போகிறது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது.

இரத்தினபுரி, கேகாலை இரண்டும் மண்சரிவு மாவட்டங்கள். சரிவில் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பது வெறும் கடுதாசி வேலையில்லை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்தில் லயம் புதைந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. வெளியேறச் சொன்ன இரவில் விருந்தாளிகளை எந்தப் பாதையால் இறக்குவது என்று வரைபடத்தில் எவரும் போடுவதில்லை.

கித்துல்கலையில் ராஃப்டிங் ஓடுகிறதே என்று ஆற்றோரம் இறங்குபவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு: களனி ஆற்றின் ஒதுக்கு நிலத்தில் நிரந்தரக் கட்டடத்துக்கு இடமில்லை.

கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் எடுக்கவும் பலர் மறக்கிறார்கள். கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் அது நினைவுக்கு வரும். கடுதாசி எல்லாம் சரியாக இருந்தாலும், வரவேற்பறையில் நிற்கப் பிடிக்காதவன், விடிய நாலு மணிக்குத் தேநீர் போடச் சலிப்பவன் எந்த அறையைக் கட்டினாலும் தொழில் நிலைக்காது. இரண்டு அறையோடு இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கட்டும். சுவரில் வெடிப்பு விழவில்லை, கேத்தலைத் தூக்கும் கையும் சலிக்கவில்லை என்றால், மூன்றாவது அறைக்கு வரைபடக்காரரைக் கூப்பிடலாம்.